காஸ்பர் வியானா

காஸ்பர் டி ஒலிவேரா வியானா (மே 11, 1885 - ஜூன் 14, 1914) பிரேசில் நாட்டைச் சேர்ந்த மருத்துவரும் நோயியல் அறிஞரும் ஆவார். தோலில் ஆறாத புண்களை உண்டாக்கி, மூக்கையும் வாயையும் அரித்து முகத்தையே உருக்குலைக்கக்கூடிய தோல் லீஷ்மேனியா நோய்க்கு முதன்முதலாகப் பயன்தரும் மருத்துவ முறையைக் கண்டறிந்தவர் இவர். இதற்கென இவர் புதிய மருந்து எதனையும் உருவாக்கவில்லை. நெடுங்காலமாக வாந்தி மருந்தாக வழங்கிவந்த டார்ட்டர் எமெட்டிக் என்னும் அந்திமனி உப்பை எடுத்து, அதனை இந்நோய்க்குச் சோதித்துப் பார்த்தார். அச்சோதனையின் முடிவை 1912 ஆம் ஆண்டில் வெளியிட்டார். ஏற்கனவே வழக்கிலுள்ள மருந்தை வேறொரு நோய்க்குப் பயன்படுத்தும் முறைக்கு மருத்துவ வரலாற்றில் இது ஒரு சிறந்த எடுத்துக்காட்டாகும். தென் அமெரிக்காவில் இந்நோயை உண்டாக்கும் முதன்மையான ஒட்டுண்ணிகளுள் ஒன்றான லீஷ்மேனியா பிரசிலியென்சிஸ் என்பதற்குப் பெயரிட்டவரும் இவரே. தமது 29 ஆம் வயதில் காசநோயால் இறந்தார்.

பிறப்பும் கல்வியும்

வியானா, பிரேசிலின் வட பகுதியில் அமேசான் ஆற்றின் கழிமுகத்தை ஒட்டி அமைந்துள்ள பாரா மாநிலத்தின் தலைநகரான பெலெம் நகரில் பிறந்தார். அமேசான் காடுகளில் எடுக்கப்பட்ட இரப்பர் அந்நகரின் துறைமுகம் வழியாகவும் அன்று வெளிநாடுகளுக்குச் சென்றது. பள்ளிப் படிப்புக்குப் பின் நாட்டின் அன்றைய தலைநகரான ரியோ டி ஜெனீரோவுக்குச் சென்று, அங்கு மருத்துவம் பயின்று 1909 ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். நரம்பிழைகளைச் சூழ்ந்திருக்கும் ஷ்வான் உயிரணுக்களின் அமைப்பைப் பற்றியது இவருடைய பட்ட ஆய்வேடு. திசுக்களை மெல்லிய சீவல்களாக வெட்டி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் கூர்ந்து காணும் கலையில் இவர் மாணவப் பருவத்திலேயே தேர்ச்சி பெற்றிருந்தார். இவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்துக்கும் இத்திறமையே அடிப்படையாக அமைந்தது.

ஓஸ்வால்டோ குரூஸ் நிறுவனத்தில் பணி

ரியோ நகரின் புறப்பகுதியான மங்கின்யோஸில் 1900 ஆம் ஆண்டில் சீர மருந்துகள் தயாரிப்பதற்காக ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. ஓஸ்வால்டோ குரூஸின் தலைமையில் அது வெப்பமண்டல நோய்களை ஆராயும் பெரும் ஆய்வகமாக வளர்ந்தது; 1908 ஆம் ஆண்டில் அவருடைய பெயரையே பெற்றது. பட்டம் பெற்ற வியானா இந்நிறுவனத்தில் சேர்ந்து நோயியல் ஆய்வில் ஈடுபட்டார். இங்கு இவர் பணியாற்றியது ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவான காலமே ஆகும்.

சாகஸ் நோய் பற்றிய ஆய்வு

இந்நிறுவனத்தைச் சேர்ந்த கார்லோஸ் சாகஸ், 1909 ஆம் ஆண்டில் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தின் லசான்ஸ் என்னும் ஊரில் ஒரு புதிய நோயைக் கண்டறிந்தார். அந்நோய், அதனை உண்டாக்கும் திரிப்பனோசோமா குரூசி என்னும் ஓரணு ஒட்டுண்ணி, அதனைப் பரப்பும் குருதி உறிஞ்சும் பூச்சி ஆகிய மூன்றையும் அவரே கண்டறிந்தார். ஆயினும் அவ்வொட்டுண்ணி மனித உடலில் எங்கு, எவ்வாறு பெருகுகிறது என்பது தெளிவாகவில்லை. நுரையீரலில் காணப்பட்ட சில உருவங்கள் அதன் பெருக்க நிலைகள் எனச் சாகஸ் முதலில் கருதியிருந்தார். அவை வேறொரு நுண்ணுயிருக்கு உரியவை என்பது பின்னர் தெரியவந்தது.

இந்நோயால் இறந்தவர்களின் உறுப்புகளையும் சோதனை விலங்குகளின் உறுப்புகளையும் வியானா ஆராய்ந்தார். ஒட்டுண்ணி இதயத் தசை, எலும்புத் தசை, நரம்பு மண்டலம் ஆகியவற்றின் உயிரணுக்களுக்குள் நுழைந்து, தன் சவுக்கிழையை இழந்து, உருண்டை வடிவில் இரண்டிரண்டாகப் பிளந்து பெருகுகிறது என்பதை இவர் காட்டினார். உயிரணு நிரம்பி வெடிக்கும்போது ஒட்டுண்ணிகள் மீண்டும் சவுக்கிழை பெற்று வெளியேறிப் பிற உயிரணுக்களைத் தாக்குகின்றன. 1911 ஆம் ஆண்டில் நிறுவனத்தின் ஆய்விதழில் வெளியான இக்கட்டுரை, சாகஸ் நோயில் இதயம் ஏன் பழுதடைகிறது என்பதைப் புரிந்துகொள்ள வழி செய்தது. தமது நிறுவனத்தின் புகழ்பெற்ற மூத்த அறிஞரின் கருத்துக்கு மாறான முடிவை வெளியிட்டபோது வியானாவுக்கு வயது 26.

தோல் லீஷ்மேனியா நோய்

லீஷ்மேனியா என்பது திரிப்பனோசோமாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஓரணு ஒட்டுண்ணிப் பேரினம் ஆகும். மணல் ஈக்கள் கடிப்பதால் இது மனிதருக்குப் பரவுகிறது. ஒட்டுண்ணியின் இனத்தைப் பொறுத்து, மண்ணீரலையும் கல்லீரலையும் தாக்கும் கருங்காய்ச்சல் (காலா அசார்), தோலில் மட்டும் புண் உண்டாக்கும் வகை, சளிச்சவ்வுகளையும் தாக்கும் வகை எனப் பல நோய்கள் தோன்றுகின்றன.

1903 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் வில்லியம் லீஷ்மனும், சென்னையில் பணியாற்றிய மருத்துவர் சார்லஸ் டோனோவனும் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியைத் தனித்தனியே விவரித்தனர். இருவர் பெயரையும் இணைத்து அதற்கு லீஷ்மேனியா டோனோவனி என்று ரொனால்ட் ராஸ் பெயரிட்டார். அதே ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜேம்ஸ் ரைட், கீழை நாட்டுப் புண் எனப்பட்ட தோல் நோயிலும் இத்தகைய ஒட்டுண்ணி இருப்பதை விவரித்தார்.

பிரேசிலில் இந்நோய் காட்டை அழிக்கும் இடங்களில் மிகுதியாகக் காணப்பட்டது. சாவோ பாவ்லோ மாநிலத்தின் பவுரு நகரிலிருந்து மேற்கு நோக்கிக் காடுகளின் ஊடே இருப்புப்பாதை அமைக்கப்பட்டபோது, அதில் வேலை செய்த தொழிலாளர்கள் பலருக்கு ஆறாத புண்கள் தோன்றின. இதனால் இது பவுரு புண் எனப் பெயர் பெற்றது. 1909 ஆம் ஆண்டில் அடோல்ஃபோ லிண்டன்பெர்க்கும், அவரைச் சாராமல் கரினி, பரான்யோஸ் ஆகியோரும் இப்புண்களில் லீஷ்மேனியா இருப்பதைக் கண்டறிந்தனர்.

இந்தியாவிலும் மேற்காசியாவிலும் காணப்படும் கீழை நாட்டுப் புண் பெரும்பாலும் தழும்பை மட்டும் விட்டுவிட்டுத் தானாகவே ஆறிவிடும். தென் அமெரிக்க வகை அத்தகையதன்று. தோற்புண் ஆறிய பின்னரும், சிலருக்கு மாதங்களோ ஆண்டுகளோ கழித்து ஒட்டுண்ணி மூக்கின் உட்புறத்தில் தோன்றி, மூக்கின் நடுத்தட்டு, அண்ணம், தொண்டை ஆகியவற்றை அரித்துவிடும். இந்நிலையை அடைந்தவர் உணவு விழுங்கவும் பேசவும் இயலாது துன்புற்றார். முகம் சிதைந்ததால் வேலையும் ஊராரின் உறவும் இழந்தார். புண்ணைச் சுடுவதும், அரிக்கும் வேதிப்பொருட்களை அதன் மேல் தடவுவதுமே அன்று மருத்துவர்கள் செய்யக்கூடியனவாக இருந்தன. மூக்கின் உட்புறத்திலும் தொண்டையிலும் பரவிய நோய்க்கு இவற்றால் பயன் விளையவில்லை.

புதிய இனத்துக்குப் பெயரிடல்

1911 ஆம் ஆண்டில் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்திலிருந்து வந்த ஒரு நோயாளியின் புண்ணில் கண்ட ஒட்டுண்ணியை ஆராய்ந்த வியானா, அது அதுவரை அறியப்பட்ட இனங்களிலிருந்து வேறுபட்டது எனக் கூறி அதற்குப் பெயர் சூட்டினார். பின்னர் எழுத்து திருத்தப்பட்டு அப்பெயர் லீஷ்மேனியா பிரசிலியென்சிஸ் என வழங்கலாயிற்று. தனி இனம் என்பதற்குச் சான்றாக இவர் குறிப்பிட்ட நுண்ணிய இழை போன்ற அமைப்பைப் பின்வந்த ஆய்வாளர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும் இது தனி இனமே என்னும் முடிவு சரியானது. நுண்ணோக்கியால் வேறுபடுத்த இயலாத இவ்வினங்களைப் பிற்காலத்தில் உயிர்வேதியியல், மரபியல் முறைகள் தெளிவாகப் பிரித்துக் காட்டின.

டார்ட்டர் எமெட்டிக்

அஞ்சனக்கல்லில் அடங்கியுள்ள தனிமமான அந்திமனியின் சேர்மங்கள் மிகப் பழங்காலந்தொட்டே மருந்தாகப் பயன்பட்டு வந்தன. ஐரோப்பாவில் 16 ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸும் அவரைப் பின்பற்றியவர்களும் இவற்றைப் பெரிதும் பரப்பினர். இவற்றின் நச்சுத்தன்மை காரணமாகக் கடும் எதிர்ப்பும் எழுந்தது. பாரிஸ் நகரில் 1566 ஆம் ஆண்டில் அந்திமனி மருந்துகள் தடை செய்யப்பட்டன; ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் 1666 ஆம் ஆண்டில்தான் அத்தடை நீங்கியது. அந்திமனியும் பொட்டாசியமும் கலந்த டார்ட்டாரிக் அமில உப்பான டார்ட்டர் எமெட்டிக்கை 1631 ஆம் ஆண்டில் ஜெர்மானியரான அட்ரியன் ஃபான் மின்சிக்ட் விவரித்தார். எமெட்டிக் என்னும் சொல்லே வாந்தி உண்டாக்குவது எனப் பொருள்படும். வாந்தி எடுக்கவும், சளியை வெளியேற்றவும், காய்ச்சலைத் தணிக்கவும் இதனை மருத்துவர்கள் அளித்தனர். 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதன் பயன்பாடு பெரிதும் குறைந்திருந்தது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறிப்பிட்ட நோய்க்கிருமியை மட்டும் தாக்கும் வேதிப்பொருட்களைத் தேடும் முயற்சி வலுப்பெற்றது. 1908 ஆம் ஆண்டில் இலண்டனில் பிளிம்மர், தாம்சன் ஆகியோர் திரிப்பனோசோமா தொற்றிய எலிகளுக்கு அந்திமனி டார்ட்டாரிக் உப்புகளைச் செலுத்தி, அவற்றின் குருதியிலிருந்து ஒட்டுண்ணிகள் மறைவதைக் கண்டனர். ஆப்பிரிக்க உறக்க நோய்க்கு மருந்து தேடியே இவ்வாய்வு செய்யப்பட்டது. திரிப்பனோசோமாவும் லீஷ்மேனியாவும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், ஒன்றைத் தாக்கும் மருந்து மற்றொன்றையும் தாக்கக்கூடும் என எதிர்பார்க்க இடமிருந்தது. இவ்விரு ஒட்டுண்ணிகளையும் தம் கைகளாலேயே ஆராய்ந்தவர் வியானா.

வியானாவின் சோதனை

வியானா டார்ட்டர் எமெட்டிக்கை நீர்த்த கரைசலாக்கி, நோயாளிகளின் சிரை வழியே சிறிது சிறிதாகச் செலுத்தினார். வாய்வழி கொடுத்தால் வாந்தியை மட்டுமே உண்டாக்கும் இம்மருந்து, குருதியின் வழியாக உடலெங்கும் பரவிப் புண்ணில் உள்ள ஒட்டுண்ணிகளைச் சென்றடைந்தது. ஊசிகள் பலமுறை தொடர்ந்து போடப்பட்டன. நாட்பட்ட தோற்புண்கள் ஆறின. எம்மருத்துவத்துக்கும் கட்டுப்படாதிருந்த மூக்கு, வாய்ப் புண்களும் ஆறின.

1912 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெலோ ஹொரிசோன்டே நகரில் நடைபெற்ற ஏழாவது பிரேசில் மருத்துவ, அறுவை மருத்துவ மாநாட்டில் இவர் தமது முடிவை அறிவித்தார். இம்மருத்துவம் பற்றிய இவருடைய விரிவான கட்டுரை 1914 ஆம் ஆண்டில் வெளியானது.

இச்சோதனை இன்றைய மருந்தாய்வு முறைகளின்படி நடந்ததன்று. மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு இதில் இல்லை. தானாகவே ஆறக்கூடிய புண் மருந்தால்தான் ஆறியது எனச் சொல்லிவிட முடியாது என்பதால் தோல் நோய்களில் இக்குறை முக்கியமானது. ஆனால் மூக்கையும் தொண்டையையும் தாக்கிய நோய் தானாக ஆறுவது மிக அரிது. அத்தகைய புண்களும் ஆறியதே இம்மருத்துவத்தின் வலுவான சான்றாக விளங்கியது. பிற மருத்துவர்களும் தம் நோயாளிகளிடம் இதே பயனைக் கண்டனர்.

டார்ட்டர் எமெட்டிக் தீங்கற்ற மருந்தன்று. ஊசி போடும்போதே கடும் இருமலும் வாந்தியும் ஏற்படும். மூட்டு வலி தோன்றும். இதயத் துடிப்பின் ஒழுங்கு கெடும். சிரைக்கு வெளியே கசிந்தால் அவ்விடத்துச் சதை அழுகும். பயன்தரும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் இடையேயுள்ள தொலைவு குறைவு. ஆயினும் முகம் சிதையும் நிலையில் இருந்த நோயாளிகளுக்கு அன்று இதனினும் சிறந்த வழி இருக்கவில்லை.

பிற ஆய்வுகள்

டோனோவன் 1905 ஆம் ஆண்டில் சென்னையில் மற்றொரு நோயின் புண்களில் நுண்ணிய உருவங்களைக் கண்டு விவரித்திருந்தார். பிறப்புறுப்புப் பகுதியில் புண்களை உண்டாக்கும் அந்நோய் பின்னாளில் டோனோவனோசிஸ் எனப் பெயர் பெற்றது. வியானா தமது உடன் ஆய்வாளரான என்ரிக்கே அராகாவோவுடன் இணைந்து இந்நோயை ஆராய்ந்து, இதற்கும் டார்ட்டர் எமெட்டிக்கைப் பயன்படுத்தினார். அதன் காரணி ஒட்டுண்ணி அன்று, பாக்டீரியா என்பது இன்று அறியப்பட்டுள்ளது. எனினும் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகள் வரும்வரை அந்நோய்க்கும் அந்திமனி மருந்துகளே பயன்பட்டன. இவை தவிர, மனிதரைத் தாக்கும் பூஞ்சை நோய்கள் பற்றியும் வியானா ஆராய்ந்தார்.

மறைவு

1914 ஆம் ஆண்டில், காசநோயால் இறந்த ஒருவரின் உடலை வியானா பிணக்கூறாய்வு செய்தார். மார்புக் கூட்டைத் திறந்தபோது உள்ளே தேங்கியிருந்த நீர் இவர் முகத்தில் தெறித்தது என்றும், அதன் வழியாகவே இவருக்கு நோய் தொற்றியது என்றும் கூறப்படுகிறது. உடலெங்கும் விரைந்து பரவும் கடுமையான காசநோய்க்கு ஆளாகி, ஓரிரு மாதங்களிலேயே ஜூன் 14, 1914 அன்று ரியோ டி ஜெனீரோவில் இறந்தார். காசநோய்க் கிருமியைத் தாக்கும் மருந்து எதுவும் அன்று இல்லை. அத்தகைய முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் 1940களில்தான் கண்டுபிடிக்கப்பட்டது.

கண்டுபிடிப்பின் தாக்கம்

வியானா இறந்த மறு ஆண்டில், இத்தாலியின் சிசிலித் தீவில் டி கிறிஸ்டினா, கரோனியா ஆகியோர் கருங்காய்ச்சல் கண்ட குழந்தைகளுக்கு டார்ட்டர் எமெட்டிக் பயனளித்ததை வெளியிட்டனர். அதே 1915 ஆம் ஆண்டில் கொல்கத்தாவில் லியோனார்ட் ராஜர்ஸும் கருங்காய்ச்சலுக்கு இதனைப் பயன்படுத்தினார். அசாமிலும் வங்காளத்திலும் ஊர் ஊராக மக்களைக் கொன்றுவந்த அந்நோய்க்கு அதுவரை மருந்து இருக்கவில்லை. 1918 ஆம் ஆண்டில் சூடானின் கார்ட்டூம் நகரில் கிறிஸ்டோஃபர்சன், நத்தைகள் வழிப் பரவும் பில்ஹார்சியா என்னும் புழு நோய்க்கும் இம்மருந்து பயன்படுவதைக் காட்டினார்.

டார்ட்டர் எமெட்டிக்கின் நச்சுத்தன்மையைக் குறைக்கும் முயற்சிகளும் தொடர்ந்தன. கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி உருவாக்கிய யூரியா ஸ்டிபமைன் என்னும் அந்திமனிச் சேர்மம் 1920களில் இந்தியாவில் எண்ணற்ற உயிர்களைக் காத்தது. கருங்காய்ச்சலிலிருந்து மீண்டவர்களின் தோலில் பின்னர் தோன்றும் லீஷ்மேனியா நோயை 1922 ஆம் ஆண்டில் விவரித்தவரும் பிரம்மச்சாரியே. இதனைத் தொடர்ந்து சோடியம் ஸ்டிபோகுளுகோனேட், மெக்ளுமின் அந்திமோனியேட் போன்ற மருந்துகள் உருவாயின. இவை உடலில் ஓரளவு மாற்றமடைந்து, டார்ட்டர் எமெட்டிக்கில் உள்ள அதே மூவிணைதிற அந்திமனியாகி ஒட்டுண்ணியைத் தாக்குகின்றன.

இம்மருந்து எந்தப் பூச்சியால் பரவும் நோயைக் குணப்படுத்தியது என்பதுகூட வியானாவின் காலத்தில் உறுதி செய்யப்படவில்லை. மணல் ஈக்களின் பங்கை வடஆப்பிரிக்காவில் 1921 ஆம் ஆண்டில் செர்ஜான் சகோதரர்களும், பிரேசிலில் 1922 ஆம் ஆண்டில் அராகாவோவும் சோதனைகளால் காட்டினர்.

பழைய மருந்துகள், புதிய பயன்பாடு

லீஷ்மேனியா நோயால் துன்புறுவோர் பெரும்பாலும் ஏழை மக்கள். விற்பனையால் பெரும் ஆதாயம் கிட்டாத இந்நோய்க்கெனப் புதிய மருந்துகளை உருவாக்க நிறுவனங்கள் முன்வருவது அரிது. ஆகவே பிற நோய்களுக்கு உருவான மருந்துகளைச் சோதித்துப் பார்ப்பதே இத்துறையின் முதன்மையான வழியாக இருந்து வந்துள்ளது. உறக்க நோய்க்குப் பயன்பட்ட பென்டமிடின், பூஞ்சை நோய்களுக்கு உருவான ஆம்ஃபோடெரிசின் பி, பாக்டீரியா எதிர்ப்பு மருந்தான பரோமோமைசின் ஆகியவை இவ்வாறு லீஷ்மேனியா நோய்க்கு வந்தவையாகும். புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மில்டெஃபோசின், 2002 ஆம் ஆண்டில் இந்தியாவில் கருங்காய்ச்சலுக்கு வாய்வழி மருந்தாக ஏற்கப்பட்டது. பீகாரில் அந்திமனி மருந்துகளுக்கு ஒட்டுண்ணி எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டதால் இத்தகைய மாற்று மருந்துகள் இன்றியமையாதன ஆயின.

இவ்வாறு சோதிக்கப்பட்ட மருந்துகள் எல்லாம் வெற்றி பெற்றுவிடவில்லை. கீல்வாத மருந்தான அலோபியூரினால், பூஞ்சை எதிர்ப்பு மருந்தான கீட்டோகொனசோல் போன்றவை இடத்துக்கு இடம், ஒட்டுண்ணி இனத்துக்கு இனம் மாறுபட்ட முடிவுகளையே தந்தன. ஓர் இனத்தின் புண்ணை ஆற்றும் மருந்து மற்றோர் இனத்திடம் பயனற்றுப் போவதுண்டு. ஒட்டுண்ணியின் இனத்தை முதலில் அறிவதும், அதன் பின்னர் மருந்தைத் தேர்வதும் இதனால் தேவையாகின்றன. 1911 ஆம் ஆண்டில் இனத்தைப் பிரித்து, 1912 ஆம் ஆண்டில் அதற்கு மருந்து கண்ட வியானாவின் ஆய்வும் இவ்வரிசையிலேயே அமைந்தது. டார்ட்டர் எமெட்டிக் இந்நோய்க்கு இன்று பயன்படுத்தப்படுவதில்லை. அதன் வழிவந்த அந்திமனி மருந்துகள் தென் அமெரிக்காவில் தோல் லீஷ்மேனியா நோய்க்கு இன்றும் கொடுக்கப்படுகின்றன.

நினைவு

1987 ஆம் ஆண்டில் லெய்ன்சன், ஷா ஆகியோர் லீஷ்மேனியா பேரினத்தைப் பிரித்தபோது, லீஷ்மேனியா பிரசிலியென்சிஸும் அதன் நெருங்கிய உறவினங்களும் அடங்கிய துணைப்பேரினத்துக்கு வியானாவின் நினைவாக வியானியா எனப் பெயரிட்டனர். இவர் பிறந்த பெலெம் நகரில் உள்ள அரசு மருத்துவமனை ஒன்றும் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.